தங்கச்சியின் வருத்தத்துக்கு என் பெயர்

இரண்டு வருடங்களும் நான்கு மாதங்களும் நான் மனநலக் கிளினிக்கில் ஒரு நோயாளியாக இருந்தேன். எனக்கு அந்த வருத்தம் இல்லை. வருத்தம் என் தங்கச்சிக்கு. என் கையில் தந்துவிட்ட கிளினிக் கொப்பியில் இருந்த பெயரும் அடையாள அட்டை இலக்கமும் என்னுடையவை. உள்ளே எழுதப்பட்டிருந்த நித்திரையின்மை, அழுகை, ஓயாத பேச்சு எல்லாம் அவளுடையவை.

நாள்தோறும் குறிப்பு எழுதுகிற பழக்கம் எனக்கு இருபது வயதிலிருந்து உண்டு. எழுந்த நேரம், மழை பெய்த நேரம், கிணற்றில் தண்ணீர் எத்தனையாம் படியில் நிற்கிறது என்பது வரை எழுதுவேன். ஆனால் கிளினிக் நாட்களில் மட்டும் "பல் டொக்டர்" என்று எழுதினேன். குறிப்புப் புத்தகத்தை யாராவது எடுத்துப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். இரண்டு வருடமாகப் பல் டொக்டரிடம் போகிறவளுக்கு இன்னும் பல் மிச்சமிருப்பது பெரிய அதிசயம் என்று தங்கச்சி சொல்லிச் சிரிப்பாள்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். எனக்கு ஐம்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. தங்கச்சிக்கு முப்பத்தாறு. எங்கள் இருவருக்கும் மூத்தவரான அண்ணை கனடாவில் இருக்கிறார். நான் கரவெட்டிப் பக்கத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பது என் வேலை. ஒரு முதலெழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தங்கச்சி ஒரு முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு தை மாதம் ஒன்பது நாட்கள் அவள் நித்திரை கொள்ளவில்லை. வீட்டில் இருந்த யன்னல் சீலைகளையெல்லாம் வெட்டி, யாரும் கேட்காத ஒரு கலைவிழாவுக்குப் பிள்ளைகளின் உடுப்புகள் தைத்தாள். எங்கள் முற்றத்தைக் கூட்டி முடித்து, ஒழுங்கை முழுவதையும் கூட்டி, அடுத்த ஒழுங்கையையும் கூட்டப் போனாள். பத்தாம் நாள் படுத்தவள் நாற்பத்தொரு நாட்கள் எழும்பவில்லை. சீப்பால் தலை இழுக்க விடமாட்டாள். முன்பள்ளியில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். ஆனி மாதம் வரை கோயிலில் நூல் கட்டினோம். எண்ணெய் வைத்தோம்.

நான் அண்ணையிடம் தொலைபேசியில், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றேன்.

"விசர் டொக்டரிட்டையோ? உனக்கென்ன பைத்தியமே? அவளின்ரை பேர் அங்கை பதிஞ்சா அவ்வளவுதான். நாளைக்கு ஒரு பகுதி விசாரிச்சு வந்தா என்ன சொல்லுவாய்?"

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பேச்சு சாதகத்தோடு தொடங்குவதில்லை, விசாரிப்போடுதான் தொடங்கும். மாப்பிள்ளை பகுதியில் ஒருவர் சந்திக் கடையில் நின்று சோடா குடித்துக்கொண்டே கேட்பார். இன்னொருவர் கோயிலில் கேட்பார். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற ஒரு மச்சாளோ சித்தப்பாவோ எல்லாக் குடும்பத்துக்கும் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும்.

"அப்ப அவளை இப்பிடியே கிடக்க விடுறதோ?" என்று கேட்டேன்.

அண்ணை சொன்னார்: "உன்ரை பேரிலை பதி. நீ போய்ச் சொல்லிக் குளிசையை எடுத்துக் குடு. உன்னை இனி ஆர் விசாரிக்கப் போகினம்?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஓர் அலுவலுக்கு வழி கண்டுபிடித்த நிம்மதியோடு சொன்னார். அன்றைய குறிப்பில் "அண்ணை கதைத்தார், 22 நிமிடம்" என்று மட்டும் இருக்கிறது.

வீட்டுக்கும் கிட்ட இல்லாத, என் அலுவலகத்துக்கும் கிட்ட இல்லாத ஓர் ஆஸ்பத்திரியைத் தெரிந்தெடுத்தேன். இரண்டு பஸ் ஏறவேண்டும். கிளினிக் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும். ஏழு மணிக்கு இலக்கத் துண்டு கொடுப்பார்கள். எட்டுக்குப் பிறகு போனால் அடுத்த செவ்வாய். நாங்கள் இருக்கிற வாங்கு திறந்த விறாந்தையில் இருந்தது. எதிரே கண் கிளினிக். பார்வை குறைந்தவர்கள் என்று அங்கே வந்திருந்தவர்கள் எங்களை நன்றாகவே பார்த்தார்கள். மிசி என்று நாங்கள் கூப்பிடும் தாதி முழுப் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சத்தமாகக் கூப்பிடுவா. முதல் தடவை கூப்பிடும்போது எங்களில் பலர் எழும்பமாட்டோம். ஆள் வரவில்லை என்று நினைத்து மற்றவர்கள் பார்வையைத் திருப்பிய பிறகு, இரண்டாம் தடவைக்கு எழும்புவோம்.

மருத்துவ விடுப்பு எடுத்தால் கிளினிக்கின் முத்திரை குத்திய கடிதம் அலுவலகத்துக்குப் போகும். அதனால் என் சொந்த விடுப்புகளை அரை நாள் அரை நாளாக எடுத்தேன். கார்த்திகை வருவதற்குள் விடுப்பு முடிந்துவிடும். ஆஸ்பத்திரியில் குளிசை இல்லாத மாதங்களில் டொக்டரின் மருந்துத் துண்டைக் கொண்டு வெளிக்கடைக்குப் போகவேண்டும். யாழ்ப்பாணம் டவுனில் என்னைத் தெரியாத கடையாகப் பார்த்துப் போவேன். ஒரே கடைக்கு இரண்டு தரம் போகமாட்டேன்.

டொக்டர் என்னைவிட இருபது வயது இளையவர். எப்போதும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே நான் ஒரு தாளை நீட்டினேன். எத்தனை மணிக்கு நித்திரை, எத்தனை மணிக்கு விழிப்பு, எத்தனை வாய் சோறு, எல்லாம் தங்கச்சியைப் பார்த்து எழுதியது.

"இப்பிடி ஒழுங்கா எழுதிக்கொண்டு வாற ஆளை நான் இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றார். "அழுகிறனீங்களோ?"

"ஓம். நாளுக்குச் சராசரி இரண்டு தரம்."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விறாந்தையில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். பேனையைத் திரும்ப எடுத்தார்.

லித்தியம் என்று ஒரு குளிசை தந்தார். அது உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று அடிக்கடி இரத்தத்தில் பார்க்கவேண்டும். அதற்கும் வழி செய்தேன். தனியார் ஆய்வுகூடத்துக்குத் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய் என் பெயரைக் கொடுத்தேன். அங்கே அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். அவளின் இரத்தம், என் பெயர், என் கையெழுத்து. இன்னொருவர் அப்படி ஒரு பத்திரத்தை என் மேசையில் வைத்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் மருந்து வேலை செய்தது. மூன்றாம் மாதம் தங்கச்சி தானே தலை இழுத்தாள். ஐந்தாம் மாதம் பயற்றங்காய்க்குப் பந்தல் போட்டாள். அவள் சுகமாகச் சுகமாக என்னால் பின்வாங்க முடியாமல் போனது. டொக்டரிடம் உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ, பொலிசுக்குச் சொல்லுவாரோ, என் அலுவலகத்துக்கு எழுதுவாரோ என்றெல்லாம் நினைத்தேன். சொல்லாவிட்டால் அடுத்த செவ்வாயும் போகவேண்டும். போனேன்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி கேட்பாள். "இண்டைக்கு உனக்கு எப்பிடியாம் அக்கா? என்னை நினைச்சு அழுதனியோ?"

"அழேல்லை."

"அழுதிருப்பாய். மணிக்கூட்டைப் பாத்து, இரண்டு நிமிசம்."

ஒரு தடவை சிரிக்காமல் கேட்டாள். "நானும் ஒருக்கா வரட்டோ? உன்ரை துணைக்கு வந்த ஆளெண்டு சொல்லு. டொக்டரை ஒருக்காப் பாக்கவேணும்."

"ஆரும் கண்டா?"

"கண்டா உனக்குத்தானே விசரெண்டு நினைப்பினம்."

வேண்டாம் என்றேன். நான்கு மாதம் கழித்து இன்னொரு தடவையும் கேட்டாள். அப்போதும் வேண்டாம் என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

போன வருடம் புரட்டாதியில் டொக்டர் என்னிடம் இந்தக் குளிசை பற்றி மறுபடியும் விளங்கப்படுத்தினார். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், திடீரென்று உப்பைக் குறைக்கக்கூடாது. பிறகு கேட்டார்: "விரதங்கள் பிடிக்கிறனீங்களோ?"

"இல்லை" என்றேன்.

அம்மா செத்தபிறகு நான் எந்த விரதமும் பிடிப்பதில்லை. அது உண்மை. தங்கச்சி வெள்ளிக்கிழமைகளில் பிடிப்பாள். அந்த அறையில் இரண்டு வருடமாக ஒவ்வொரு கேள்விக்கும் தங்கச்சியாக இருந்து மறுமொழி சொன்ன நான், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நானாக இருந்து சொல்லிவிட்டேன். டொக்டர் கொப்பியில் ஏதோ எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு அது பஸ்ஸிலும் உறைக்கவில்லை, வீட்டிலும் உறைக்கவில்லை.

அடுத்த மாதம் அண்ணை ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். மாப்பிள்ளை சுவிசில். தாயும் சகோதரியும் மானிப்பாயில். "இந்த முறை கந்தசட்டி ஆறு நாளும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லு. சரிவரும்" என்றார். தங்கச்சிக்கும் விருப்பம் இருந்தது. கல்யாணத்தில் என்பதைவிட, ஒரு காரியத்தைத் தொடங்கி முடிக்கலாம் என்பதில் விருப்பம். பகலில் தண்ணீர் மட்டும், அதுவும் கொஞ்சம். பின்னேரம் பூசை முடிந்து ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம். உப்பு நாக்கில் படவில்லை. குளிசைகளை மட்டும் நேரம் தவறாமல் நான் எடுத்துக் கொடுத்தேன்.

நான்காம் நாள் அவளின் கை நடுங்கிப் பால் சேலையில் ஊற்றுப்பட்டது. பக்கத்து வீட்டு அன்ரி மதிலால் எட்டிப் பார்த்துச் சொன்னா: "விரதக் களை பிள்ளை. இன்னும் இரண்டு நாள்தானே. பாறணையோடை எல்லாம் சரியாயிடும்."

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. பின்னேரம் இரண்டு இருபதுக்குச் சத்தி எடுத்தாள். எழும்பி நடந்தபோது கால்களை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். கதைத்தது விளங்கவில்லை, நாக்கு தடித்துப் போயிருந்தது. ஓட்டோ பிடித்து, கிட்ட இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் ஓர் இளம் டொக்டர் இருந்தார்.

"ஏதும் குளிசை பாவிக்கிறவவோ?"

"இல்லை. விரதம்."

சேலைன் ஏற்றினார்கள். அண்ணைக்கு ஓட்டோவிலிருந்தே செய்தி அனுப்பியிருந்தேன். தொலைபேசி அடித்தது. விறாந்தைக்கு வந்து எடுத்தேன்.

"விரதக் களையெண்டே சொல்லு" என்றார் அண்ணை. "வேறை ஒரு கதையும் கதையாதை. அந்தப் பகுதிக்கு அங்கை சொந்தக்காரர் ஆரோ வேலை செய்யினமாம்."

திரும்பி வந்து கட்டிலடியில் நின்றேன். தங்கச்சியின் விரல்கள் விரிப்பின்மேல் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன. என் முகத்தைப் பார்த்து, "மிசி, அக்கா எங்கை?" என்று கேட்டாள்.

கிளினிக் கொப்பி என் கைப்பையில்தான் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருக்கும், கலண்டர் தாளில் உறை போட்டு. "இல்லை" என்று சொன்னதற்கும் அதை எடுத்து டொக்டரிடம் நீட்டியதற்கும் இடையில் இருபத்தாறு நிமிடங்கள். என் வாழ்க்கையில் எழுதிவைத்த நேரங்களில் நான் வெட்கப்படுவது அந்த ஒன்றுக்குத்தான்.

டொக்டர் முதற் பக்கத்தைப் பார்த்தார். "இது ஆற்றை பேர்?"

"என்ரை."

"உங்கடை குளிசையை இவ எடுத்து விழுங்கினவவோ? ஒரேயடியா எத்தினை?"

"அப்பிடியில்லை டொக்டர்."

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. வேறை ஆளின்ரை குளிசையை விழுங்கினதெண்டா நாங்கள் தற்கொலை முயற்சியெண்டு பாக்கவேணும். பொலிசுக்கும் அறிவிக்கவேணும்."

ஒரு பொய்யை மறைக்கப் போய் இன்னொரு பெரிய பொய் தானாக எழும்பி நின்றது. அதற்குமேல் எனக்குப் போக இடமில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிசி கேட்டுக்கொண்டிருந்தா. பக்கத்துக் கட்டிலில் பாணைத் தேத்தண்ணீரில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுசன் தோய்த்த பாணைக் கையில் பிடித்தபடி கேட்டார். அது ஊறி அறுந்து கோப்பைக்குள் விழுந்தது.

"விரதம் எத்தினையாம் நாள்?"

"ஐஞ்சு."

"உப்பு?"

"இல்லை."

அவர் என்னை ஏசவில்லை. ஓடிப்போய் யாருக்கோ தொலைபேசி எடுத்தார். இரத்தத்தில் மருந்து நஞ்சாகிற அளவுக்கு ஏறியிருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்று பிறகு சொன்னார்கள். தங்கச்சி எட்டு நாட்கள் வாட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் என்னை அடையாளம் கண்டாள். "சூரன் போர் முடிஞ்சுதோ?" என்று கேட்டாள்.

அவர்கள் தந்த கடிதத்தோடு அடுத்த செவ்வாய் இருவரும் கிளினிக்குக்குப் போனோம். தங்கச்சியின் பெயரில் புதுக் கொப்பி போட்டார்கள். என்னுடையதை வெட்டிவிடச் சொல்லிப் பதிகிறவரிடம் கேட்டேன்.

"சும்மா வெட்டேலாதம்மா. சுகமெண்டு டொக்டர் எழுதவேணும், அல்லாட்டி ஆள் செத்திருக்கவேணும். நீங்கள் எதிலை?"

டொக்டர் இரண்டு கொப்பிகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்த்து, "நாளுக்குச் சராசரி இரண்டு தரம் எண்டு சொன்ன அண்டைக்கே நான் கேட்டிருக்கவேணும்" என்றார். பிறகு தங்கச்சியின் பக்கம் திரும்பினார். "நித்திரை எப்பிடி?"

"ஆறரை மணித்தியாலம்" என்றேன்.

"அக்கா, நான் உங்களைக் கேக்கேல்லை."

தங்கச்சி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு சொன்னாள்: "கண்ணை மூடிக்கொண்டு கிடப்பன் டொக்டர். இவ கதவடியிலை நிண்டு பாத்து எழுதுவா. எழுதிப்போட்டுப் போனாப்பிறகு முழிச்சிருப்பன். நித்திரை இல்லையெண்டு தெரிஞ்சா பாவம், திரும்ப இரண்டு பஸ் ஏறவேணுமெல்லே."

டொக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். கதவு சாத்தப்பட்டது. நாற்பது நிமிடம் விறாந்தை வாங்கில் இருந்தேன். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே வந்த தங்கச்சியின் கண்கள் சிவந்திருந்தன. கொப்பியை வாங்கக் கை நீட்டினேன். அவள் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். டொக்டர் கதவால் எட்டி, "அக்கா, நீங்களும் ஒருக்கா உங்களுக்கெண்டு வாங்கோ" என்றார். எதிரே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் இன்னும் போகவில்லை.

தங்கச்சிக்குப் புது மருந்து தொடங்கியிருந்தது. நான்கு கிழமையில் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதே செவ்வாய் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை பகுதி பொம்பிளை பார்க்க வருவதாக அண்ணை நாள் சொன்னார். மாப்பிள்ளையின் சகோதரிக்கு மற்ற நாட்களில் வேலை.

"ஆஸ்பத்திரியிலை கிடந்தது டெங்கு எண்டு சொல்லியிருக்கிறன்" என்றார் அண்ணை. "கிளினிக்குக்கு நீ போ. உன்ரை கொப்பி இன்னும் கிடக்குத்தானே?"

தொலைபேசி மேசையில் இருந்தது. சத்தம் வெளியே கேட்டது. நான் வாய் திறக்க முதல் தங்கச்சி குனிந்து சொன்னாள்: "அண்ணை, அக்காவைப் பொம்பிளையா இருத்துங்கோ. நான் கிளினிக்குக்குப் போறன். இரண்டு வருசம் எனக்காக இருந்தவ, ஒரு நாள் இருக்கமாட்டாவோ?"

அண்ணை வைத்துவிட்டார். நாளை மாற்றச் சொல்லி இரண்டு செய்திகள் அனுப்பினேன். மறுமொழி இல்லை.

அந்தச் செவ்வாய் ஆறு மணிக்குத் தங்கச்சி தனியே பஸ் ஏறினாள். நான் வரட்டோ என்று கேட்டேன். "வந்தா மிசி உன்னைத்தான் கூப்பிடுவா" என்றாள். நான் வீட்டைக் கூட்டி, உழுந்து வடை சுட்டு, கதிரைகளைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர்களைத் தடுக்கத் தொலைபேசி இலக்கம் என்னிடம் இல்லை. எல்லாம் அண்ணையூடாகத்தான் நடந்தது. பத்து ஏழுக்கு மாப்பிள்ளையின் தாயும் சகோதரியும் வந்தார்கள். நல்ல மனிதர்கள். வெயிலைப் பற்றி, எங்கள் கிணற்றைப் பற்றிக் கதைத்தார்கள். தேத்தண்ணீர் பாதி முடிந்தபோது தாய் கேட்டா: "பொம்பிளை எங்கை? வெக்கப்படுறாவோ?"

"கிளினிக்குக்குப் போட்டா" என்றேன்.

"டெங்குக்கோ?"

"இல்லை. மனநலக் கிளினிக். மூண்டு வருசமா வருத்தம். மருந்தோடை நல்லா இருக்கிறா. இண்டைக்குப் போகாட்டிக் குளிசை முடிஞ்சிடும்."

முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் காதுக்கே அது ஒரு விண்ணப்பத்தை வாசிப்பது போலக் கேட்டது. சகோதரி கோப்பையை மேசையில் சத்தம் கேட்காமல் வைத்தா. தாய் மற்ற மிடறுகளையும் குடித்து முடித்தா. "அண்ணையோடை கதைக்கிறம்" என்றா. படலை வரை கூடப் போனேன். பத்து முப்பத்தொன்றுக்கு அவர்களின் கார் ஒழுங்கையால் திரும்பியது.

பத்து நாற்பதிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணையின் படம் வந்து வந்து போனது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்லவேண்டும் என்றும் தெரியவில்லை. செய்தது சரியென்றும் தோன்றவில்லை. அவளைக் கேட்காமல் அவளின் வருத்தத்தை இரண்டு புது ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். முன்பு மறைத்ததும் நான், இப்போது சொன்னதும் நான்.

இரண்டு பத்துக்குத் தங்கச்சி வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. "வந்தவையோ?" என்று கேட்டாள்.

"வந்தவை. நான் சொல்லிப்போட்டன்."

"எல்லாத்தையுமோ?"

"ஓம்."

அவள் கதிரையில் இருந்துகொண்டு செருப்பைக் கழற்றினாள். "என்னைக் கேட்டிருக்கலாம்" என்றாள். பிறகு மூடிவைத்த தட்டைத் திறந்து ஒரு வடையை எடுத்தாள்.

தொலைபேசி மறுபடியும் அடித்தது. நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். அவள் எனக்கு முதல் எடுத்துவிட்டாள். "ஓம் அண்ணை, நான்தான்" என்றாள். "இல்லை, அக்காவிட்டைக் குடுக்கேல்லை. என்னோடை கதையுங்கோ."

நான் எழும்பி அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.